பூட்டிய கைக்குத் தெரியும்

தெருமுனை திரும்பி, பஸ் ஸ்டாப் வந்து, பஸ்ஸிலும் ஏறியாகிவிட்டது. அப்போதுதான் அந்தச் சந்தேகம் வரும்: வீட்டைப் பூட்டினோமா? சாவி பையில் இருக்கிறது. பூட்டாமல் சாவி பைக்குள் வந்திருக்காது என்று புத்தி சொல்கிறது. ஆனால் பூட்டிய காட்சியை மனதில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. நேற்றுப் பூட்டியதும் முந்தாநாள் பூட்டியதும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இன்றைக்கானது மட்டும் இல்லை. சிலர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி ஓடுவார்கள். போய்ப் பார்த்தால் பூட்டு அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். கேஸ் ரெகுலேட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் இதே கதைதான்.

இதை மறதி என்கிறோம். வயதாகிறது என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒன்றை மறக்க வேண்டுமானால் அது முதலில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடி பதியவே இல்லை. கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளை நகர்த்தி, பூட்டை மாட்டி, ஒரு தடவை இழுத்தும் பார்த்தது கை. மனம் அதற்குள் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு நாளில் இப்படி எவ்வளவு நடக்கிறது? வெண்டி வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் சகாக்களோடு சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் மணிக்கொரு தடவை ஒலிக்கும் கருவியைக் கொடுத்தார்கள். அது ஒலிக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இரண்டையும் குறித்துவைக்க வேண்டும். அப்படிக் குறிக்கப்பட்ட செயல்களில் சுமார் 43% அநேகமாகத் தினமும், பெரும்பாலும் அதே இடத்தில் செய்பவை. அவற்றைச் செய்யும்போது மனம் பெரும்பாலும் வேறெங்கோ இருந்தது.

சுயமுன்னேற்றப் புத்தகங்கள் இரண்டு அறிவுரைகளை ஒரே மூச்சில் சொல்கின்றன. நல்ல பழக்கங்களை உண்டாக்கிக்கொள். எதைச் செய்தாலும் விழிப்போடு செய். காலையில் வரும் வாட்ஸ்அப் வாழ்த்துகளிலும் இவை ஜோடியாகவே வருகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூளைக்குள் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகிற வேலைகள். ஒரு செயல் பழக்கமாகிறது என்றாலே அதிலிருந்து விழிப்பு விலகிக்கொள்கிறது என்றுதான் பொருள்.

இந்த விலகலைப் பற்றி மருத்துவ உலகம் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி, நினைவை இழந்துவிட்ட சிலரிடமிருந்து கிடைத்தது. ஹென்றி மொலைசனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய். 1953இல், அவருடைய 27வது வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் அவர் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. கூடவே புதிய நினைவுகள் சேர்வதும் நின்றுவிட்டது. சற்றுமுன் பேசியவர் அறைக்கு வெளியே போய்த் திரும்பி வந்தால் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

பிரெண்டா மில்னர் என்ற நரம்பியல் உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்தார். நட்சத்திரத்தின் விளிம்பில் இரட்டைக் கோடு. இரண்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். தாளையும் கையையும் நேராகப் பார்க்கக் கூடாது. எதிரே இருக்கும் கண்ணாடியில்தான் பார்க்கலாம். செய்து பார்த்தால் தெரியும், முனை திரும்புகிற இடத்தில் கை போகிற போக்கு நமக்கே எரிச்சலாக இருக்கும். மொலைசன் முதல் நாள் தடுமாறினார். மூன்றாம் நாள் கோடு அநேகமாகச் சுத்தமாக வந்தது. ஆனால் இந்தப் பயிற்சியை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள்தான். கை மட்டும் மூன்று நாள் பாடத்தைப் படித்து முடித்திருந்தது.

இதைவிட வியப்பான சோதனை, ஆய்விதழ்களில் இ.பி. என்ற முதலெழுத்துகளால் குறிக்கப்படும் கலிஃபோர்னியாக்காரர் ஒருவரிடம் நடந்தது. 1992இல் வைரஸ் தொற்று மூளையைத் தாக்கியதில் அவருடைய ஹிப்போகேம்பஸும் அதைச் சுற்றியிருந்த பகுதிகளும் அழிந்துபோயின. சின்ன வயதில் வளர்ந்த ஊரின் தெருக்களுக்கெல்லாம் வழி சொல்வார். நோய்க்குப் பிறகு குடிவந்த வீட்டின் சுற்றுப்புறம் அவருக்குத் தெரியவே தெரியாது. லாரி ஸ்கொயர் என்ற நரம்பியல் அறிஞரின் குழு அவர் முன்னால் இரண்டிரண்டாகப் பொருள்களை வைத்தது. மொத்தம் எட்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் எப்போதும் ஒன்றுதான் சரியான பொருள். எது சரி என்பதை எடுத்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும். நினைவு நன்றாக இருப்பவர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள். இ.பி.க்கோ ஒவ்வொரு தடவையும் இது என்ன விளையாட்டு என்றே தெரியாது. வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் வாரக்கணக்கில் தொடர்ந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை சரியான பொருளை நோக்கிப் போகத் தொடங்கியது. 18 வாரங்கள் முடிந்தபோது பெரும்பாலான தடவை சரியாக எடுத்தார். தலைக்குள் எங்கோ இருக்கிறது, கை தானாகப் போகிறது என்கிற மாதிரி ஒரு விளக்கமும் சொன்னார்.

அதன் பிறகு ஆய்வாளர்கள் செய்ததுதான் சுவாரஸ்யம். பதினாறு பொருள்களையும் மொத்தமாக மேசைமேல் பரப்பி, சரியானவற்றை மட்டும் பிரித்து வையுங்கள் என்றார்கள். அவரால் முடியவில்லை. பழையபடி ஜோடியாக வைத்ததும் கை மறுபடி சரியாகப் போனது. பொருள் அதேதான், மேசையும் அதேதான். வைத்திருந்த விதம் மாறியவுடன் வாரக்கணக்கில் கற்றதெல்லாம் கைக்கெட்டாமல் போய்விட்டது. பழக்கம் எவ்வளவு உறுதியானது என்பதும் எவ்வளவு பிடிவாதமானது என்பதும் இந்த ஒரே சோதனையில் தெரிகிறது. அது கேள்விக்குப் பதில் சொல்லாது. தனக்குப் பழகிய சூழ்நிலை வந்தால் மட்டும் செய்யும்.

இந்தப் பாடம் தங்குகிற இடம் பேசல் கேங்க்லியா. மூளையின் மடிப்பு மடிப்பான மேற்பரப்புக்கு வெகு கீழே, நடுப்பகுதியை ஒட்டி இருக்கும் நரம்புத் திரள்கள். மேற்பரப்பின் அநேகமாக எல்லாப் பகுதிகளிலிருந்தும் செய்தி இங்கே வருகிறது. தாலமஸ் என்ற இன்னொரு பகுதி வழியாகத் திரும்பிப் போகிறது. இதன் அருமை, பழுதாகும்போதுதான் தெரிகிறது. பார்க்கின்சன் நோயில் இந்தத் திரள்களுக்கு டோபமைன் அனுப்பும் செல்கள் அழிகின்றன. ஐம்பது வருஷம் யோசிக்காமல் நடந்தவர் வாசற்படி வந்ததும் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டு, கோட்டைத் தாண்டித் தாண்டிப் போங்கள் என்றால் அவர்களில் பலர் நடந்துவிடுகிறார்கள். தானாக நடந்துகொண்டிருந்த வேலை, ஒவ்வோர் அடியாகக் கவனித்துச் செய்கிற வேலையாக மாறிவிடுகிறது. எதையும் விழிப்போடுதான் செய்வேன் என்று ஒருவர் நிஜமாகவே வாழ்ந்தால் வாழ்க்கை எவ்வளவு களைப்பாக இருக்கும் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் என்ற அறிஞர் எலிகளின் இந்தப் பகுதிக்குள் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார். ‘T’ வடிவப் பாதை. ஒலி கேட்டதும் எலி ஓட வேண்டும். ஒலியைப் பொறுத்து இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பினால் சாக்லேட். புதிதாக ஓடும் எலியின் நரம்புச் செல்கள் பாதை நெடுகிலும் சடசடத்தன. நாள் போகப் போக, பாதை பழகப் பழக, அந்தச் சத்தம் நடுப்பகுதியில் அடங்கிவிட்டது. புறப்படும்போது ஒரு வெடிப்பு, முடிக்கும்போது ஒரு வெடிப்பு. இடையில் அநேகமாக அமைதி. 1999இல் இந்த முடிவு வெளியானது. ஓட்டம், திரும்புதல், சாக்லேட் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுவிடுகிறது மூளை. அவிழ்ப்பதானாலும் கட்டுவதானாலும் முனையில்தான் முடியும்.

அதே ஆய்வகம் 2012இல் இன்னொரு காரியம் செய்தது. இந்தத் தடவை பாதையின் ஒரு பக்கத்தில் சாக்லேட் பால், மறுபக்கத்தில் சர்க்கரைத் தண்ணீர். பழக்கம் நன்றாக ஊறிய பிறகு, சாக்லேட் பாலைக் குடித்தால் குமட்டும்படி செய்தார்கள். அந்தப் பால் எலிகளுக்கு வெறுத்துப்போனது. ஆனால் பாதையில் விட்டு, பழைய ஒலியைக் கொடுத்தால் வெறுத்த பால் இருக்கும் பக்கமே ஓடிப்போய் நின்றன. எலிதானே என்று சிரிக்க வேண்டாம். வேண்டாம் என்று மனப்பூர்வமாக முடிவெடுத்த பிறகும் டீக்கடைப் பக்கம் போகிற கால்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்து, மூளையின் முன்பகுதியில் இன்ஃப்ராலிம்பிக் கார்டெக்ஸ் என்ற சிறு இடத்தை ஒளியால் சில விநாடிகள் அணைத்தார்கள். உடனே பழக்கம் விட்டுப்போனது. எலிகள் யோசித்து மறுபக்கம் போகத் தொடங்கின. நாளாக ஆக அதுவே புதுப் பழக்கமாகிவிட்டது. சரி, பழையது அழிந்துவிட்டதா என்று பார்க்க அதே இடத்தை மறுபடி அணைத்தார்கள். இப்போது புதுப் பழக்கம் விலகி, பழையது எழுந்து வந்துவிட்டது. அவ்வளவு நாளும் அது அழியாமல் கீழே கிடந்திருக்கிறது.

சிகரெட்டை விட்டுப் பத்து வருஷமானவர் ஒரு கல்யாண வீட்டில் பழைய கூட்டாளியைச் சந்தித்ததும் பற்றவைத்துவிடுவது இதனால்தான். மன உறுதி இல்லாதவன் என்று அவரைத் திட்டுவது சுலபம். விட்டுவிட்ட பழக்கமும் அழிந்த பழக்கமும் வேறு வேறு என்று மட்டும் எலி சொல்கிறது.

ஒரு பழக்கம் ஊன்ற எத்தனை நாள் ஆகும்? 21 என்று எல்லோருக்கும் பாடமாகியிருக்கிறது. அந்த எண் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற நியூயார்க் ஒட்டறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். கை மாறிக் கை மாறிப் போனதில் ‘குறைந்தது’ உதிர்ந்தது, முகமும் உதிர்ந்தது, எண் மட்டும் நின்றுவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் இதை ஒழுங்காக அளந்தார்கள். 96 பேர் ஆளுக்கொரு சின்னக் காரியத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நிகழ்ச்சிக்குப் பின்னால் அதைச் செய்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பிறகு கொஞ்சம் நடை என்கிற மாதிரி. 12 வாரம், தினமும், எவ்வளவு தானாக வருகிறது என்று கேள்விகளுக்குப் பதில் எழுதினார்கள். பழக்கம் அதன் உச்சத்தை நெருங்க ஆன காலத்தின் நடுவெண் 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. ஒருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. ஆய்வு நடந்ததே 84 நாள்தான் என்பதால் அது கோட்டை நீட்டிப் பார்த்துச் சொன்ன எண். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி தாமதமாகப் படிந்தது. முதல் சில வாரங்களில் ஏற்றம் செங்குத்து, பிறகு சமதளம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் ஏற்றம் குலையவில்லை. இதில் எனக்குப் பிடித்த முடிவு இந்தக் கடைசி விஷயம்தான். ஜனவரி 1 அன்று தொடங்கிய டைரி ஜனவரி 9இல் ஒரு நாள் தப்பியதும் அலமாரிக்குப் போகிறதே, அந்தத் தண்டனையை மூளை விதிக்கவில்லை, நாமே விதித்துக்கொள்கிறோம்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு மண்டலம் என்ற கணக்கு இருக்கிறது. சித்த மருத்துவர் மருந்து கொடுத்தால் 48 நாள். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள். பழக்கத்தை அளப்பதற்காக வந்த எண்கள் அல்ல இவை. ஆனால் மாலை போட்டவரைக் கவனித்தால் பழக்கத்தைப் பற்றி ஒன்று தெரியும். தினமும் குடித்தவர், நாளுக்குப் பத்து சிகரெட் பிடித்தவர், மாலை கழுத்தில் ஏறிய நாளிலிருந்து தொடுவதில்லை. பெரிதாகத் தவிப்பதுமில்லை. உடை மாறிவிட்டது, காலில் செருப்பில்லை, தூங்குவது பாயில், எழுவது விடியலுக்கு முன், எதிரில் வருகிறவர் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார். தெரிந்த கடைக்காரரே சிகரெட்டை நீட்ட மாட்டார். பழைய பழக்கத்தைக் கூப்பிடுகிற எல்லாக் குரலும் ஒரே நாளில் அடைபட்டுவிடுகின்றன. மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றியதும் அதே சட்டை, அதே கடை, அதே கூட்டாளி. பலருக்கு அன்றைக்கே மறுபடி தொடங்கிவிடுகிறது. பக்தி 41 நாளில் தீர்ந்துபோயிருக்காது. சூழல் திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்த் தலைகீழான கதை வியட்நாம் போரில் நடந்தது. 1970களின் தொடக்கத்தில் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்ததாகத் தெரிந்து அரசாங்கம் நடுங்கிப்போனது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்கள் ஊர் திரும்பிய பிறகு தேடிப்போய் விசாரித்தார். அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5% மட்டுமே. ஊரில் ஹெராயின் விலை அதிகம், கிடைப்பது கடினம், அவமானம் வேறு, இவையெல்லாமும் காரணம். ஆனாலும் காடு, கூடாரம், துப்பாக்கி, சலிப்பு, பக்கத்துக் கட்டில் நண்பன் எல்லாம் ஒரே விமானப் பயணத்தில் மறைந்துபோனதைக் கணக்கில் எடுக்காமல் இந்த எண்ணை விளக்க முடியாது.

சின்ன விஷயத்திலும் அப்படித்தான். வெண்டி வுட்டும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட சோதனையில், தியேட்டருக்கு வந்தவர்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்குப் புதிது, சிலருக்கு ஒரு வாரப் பழையது. தியேட்டரில் எப்போதும் பாப்கார்ன் சாப்பிடுகிறவர்கள் நமுத்துப்போனதையும் அதே அளவு தின்று தீர்த்தார்கள். நன்றாக இல்லை என்றும் சொன்னார்கள், தின்றும் முடித்தார்கள். அதே பழக்கமுள்ள வேறு சிலரை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்தபோது பழையதை ஒதுக்கினார்கள். இன்னொரு வழியும் பலித்தது: தியேட்டரிலேயே, வழக்கமாக எடுக்காத கையால் எடுக்கச் சொன்னார்கள். வலது கைக்காரர் இடது கையால் எடுத்ததும் நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது.

தியானமும் நிதானக் கவனமும் வருகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் துறையில் பேச்சு கொஞ்சம் அதிகம். ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரக் கவனப் பயிற்சி இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. எட்டு வாரத்தில் மூளையின் சாம்பல் பொருளே கூடுகிறது என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. பயிற்சி எடுத்தவர்கள் 16 பேர். அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. 2022இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 200க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது அப்படி ஒரு மாற்றமும் தென்படவில்லை. இதை அவ்வளவு பேர் எழுதவில்லை.

மூளை வீங்குகிறதோ இல்லையோ, மூட்டையின் முனையில் கவனத்தை வைத்தால் பலன் இருக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஜட்சன் புரூவர் என்ற ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 88 புகைப்பவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான பயிற்சியும் மறுபகுதியினருக்குக் கவனப் பயிற்சியும் கொடுத்தார். ஆசை எழும்போது அதை அடக்காமல், அது உடம்பில் எங்கே எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். இழுத்தால் அந்தப் புகை நிஜமாக எப்படி மணக்கிறது, எப்படிச் சுவைக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கு மாதம் கழித்து, கவனப் பயிற்சி பெற்றவர்களில் 31% பேர் புகைக்காமல் இருந்தார்கள், மற்றவர்களில் 6%. சின்ன ஆய்வுதான். ஆனால் இடது கையால் பாப்கார்ன் எடுப்பதற்கும் இதற்கும் உறவிருப்பது தெரிகிறது.

கவனத்தை எங்கே வைப்பது என்பதை இன்னும் தெளிவாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் ரயில்வேக்காரர்கள். ஜப்பானில் ரயில் ஓட்டுநர் சிக்னலை வெறுமனே பார்ப்பதில்லை. வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டிச் சுட்டிக்காட்டி, பார்த்த நிறத்தை வாய்விட்டுச் சொல்வார். பெட்டியில் அவர் தனியாக இருந்தாலும் சொல்வார். 1994இல் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அளந்து பார்த்தபோது, ஒரு எளிய வேலையில் 100க்கு 2.38 என்றிருந்த பிழை, கை நீட்டி வாயால் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. நம் ஊரிலும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கை காட்டி ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நூறு தடவை பச்சையாக இருந்த சிக்னலை நூற்றோராவது தடவை கண் பார்க்காமலே பச்சை என்று எடுத்துக்கொள்ளும். அதை உடைக்கத்தான் கையும் வாயும். பிரேக் பிடிப்பதையும் ஹார்ன் அடிப்பதையும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதையும் பழக்கத்திடமே விட்டுவிடுகிறார்கள். தவறினால் உயிர் போகிற இடங்களில் மட்டும் விழிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

நியூயார்க் சுரங்க ரயிலில் 1996 முதல் இதன் ஒரு வடிவம் இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் பிளாட்பாரத்தின் நடுவே கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பலகை தொங்கும். ரயில் நின்றதும் கண்டக்டர் ஜன்னல் வழியாக அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் கதவைத் திறக்கலாம்; ரயில் முழுவதும் பிளாட்பாரத்துக்குள் வந்துவிட்டதா என்று பார்த்தாயிற்று என்பதற்கு அந்தக் கைதான் சாட்சி. 2013இல் சில குறும்புக்காரர்கள் இந்தப் பலகைகளுக்குக் கீழே அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழகான கண்டக்டராக இருந்தால் இங்கே கை காட்டவும் என்கிற ரகத்தில் வாசகங்கள். கண்டக்டர்களுக்கு வேறு வழியில்லை, கை காட்டித்தான் ஆக வேண்டும். காட்டிவிட்டு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். தினமும் நூற்றுக்கணக்கான தடவை செய்கிற வேலையில் அட்டையைப் படித்துச் சிரிக்க முடிந்தது என்றால், கை நீண்ட இடத்தில் கண்ணும் இருந்திருக்கிறது.